நிழலின் விலை

இரண்டு புகைப்படங்களை இணைத்து ஒரே படமாகக் காட்டும் வேலையில் கடினமானது உருவத்தை வெட்டி ஒட்டுவது அன்று. ஒளியையும் நிழலையும் பொருத்துவதுதான். அடோபி நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் தனது ஃபோட்டோஷாப் மென்பொருளில் சேர்த்த 'ஹார்மனைஸ்' என்னும் வசதி, அந்தக் கடினமான பகுதியை ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிட்டது. வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்ட உருவத்தின் நிறம், அதன்மேல் படும் வெளிச்சம், அது தரையில் வீழ்த்தும் நிழல் ஆகியவற்றைப் பின்னணிக்கு ஏற்ப அதுவே திருத்தி அமைக்கிறது. தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்துபோன இதனைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு பண்டத்தின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும்போது அதன் சந்தையே உருமாறும். இங்கே அந்தப் பண்டம், நம்பத்தகுந்த பொய்ப்படம்.

இதுவரை அந்தப் பண்டத்தின் செலவு எங்கே இருந்தது? வெயிலில் எடுத்த படத்தில் நிழலின் ஒவ்வொரு புள்ளியையும், அதை உண்டாக்கிய பொருளின் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் அக்கோடுகள் யாவும் ஒளி வரும் ஒரே இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும். நிழலின் விளிம்போ பொருளின் அருகே கூர்மையாகவும் விலக விலக மங்கலாகவும் இருக்கும். சூரியன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் ஏறத்தாழ அரை பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதே காரணம். வெட்டவெளியில் விழும் நிழல் முழுக் கறுப்பும் அன்று. வானத்தின் நீலம் அதில் சிறிது கலந்திருக்கும். செம்மண் தரையில் நிற்பவரின் வெள்ளை வேட்டி, கீழ்ப்பகுதியில் சற்றே சிவந்து தெரியும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு இருக்கும். அது இல்லையேல் மனிதர் அந்தரத்தில் மிதப்பார். இவ்வளவையும் கையால் சரிசெய்வதற்குப் பயிற்சியும் பல மணி நேர உழைப்பும் தேவைப்பட்டன. அந்த உழைப்பின் கூலிதான் பொய்க்கு நாம் போட்டிருந்த சுங்கவரி.

படத்தை இணைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறைந்த தந்தையை மணமக்களின் அருகே நிற்கவைத்துத் தரும்படி கேட்டு நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு வருவோர் உண்டு. அதில் யாரும் ஏமாற்றப்படுவதில்லை. தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரில் வட்டச் செயலாளரின் தலைமேல் இடப்பக்கத்திலிருந்தும், தலைவரின் முகத்தில் வலப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழும். இருவருக்கும் நடுவே ஒரு சிங்கம் எந்த நிழலும் இன்றிப் பாயும். அதை நிகழ்ந்ததன் பதிவு என்று யாரும் கொள்வதில்லை. ஒட்டுவேலை வெளியே தெரிவதுதான் அந்தப் பேனரின் நேர்மை என்றுகூடச் சொல்லலாம். ஒட்டுத் தெரியாத அளவுக்கு ஒளி பொருந்திவிட்டால் அதே படம் வாழ்த்து என்னும் நிலையிலிருந்து சாட்சியம் என்னும் நிலைக்கு மாறிவிடுகிறது.

'உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று நம்புவோருக்கு ஒரு செய்தி. ஒரே காட்சியில் ஒளியின் திசை முரண்பட்டாலும் மனிதக் கண் அதை எளிதில் கவனிப்பதில்லை என்பதை யூரி ஆஸ்ட்ரோவ்ஸ்கி, பேட்ரிக் கவானா, பவன் சின்ஹா ஆகியோர் 2005-ஆம் ஆண்டிலேயே சோதனைகளின் மூலம் காட்டினர். ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக நிழலைத் தம் விருப்பம்போல் தீட்டியும் நமக்கு உறுத்தாமல் போனதற்கு அதுவே காரணம். எனவே இத்துறை ஆய்வாளர்கள் கண்ணை விட்டுவிட்டு வடிவகணிதத்தை நாடினர். அவர்களில் முதன்மையானவர் ஹானி ஃபரீத். அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டு, துப்பாக்கியுடன் கொல்லைப்புறத்தில் நிற்கும் படத்தைக் காவல்துறை காட்டியபோது, அது தன் முகத்தை வேறொரு உடலில் ஒட்டிய போலிப் படம் என்றார். மூக்கின் கீழ் விழும் நிழலும் தரையில் விழும் உடலின் நிழலும் ஒத்துப்போகவில்லை என்று பின்னர் பலரும் எழுதினர். ஃபரீத் 2009-இல் அந்தத் தலையையும் சூழலையும் முப்பரிமாண மாதிரியாக அமைத்துப் பார்த்து, ஒரே சூரியன் அவ்விரு நிழல்களையும் உண்டாக்க முடியும் என்று நிறுவினார். நிழல் சரியாகவே இருந்தது. பார்த்தவர்களின் கண்தான் தவறியது. இப்படி நாம் பொய்ப்படத்தை மெய்யென்று நம்புவதோடு மெய்ப்படத்தைப் பொய்யென்றும் தள்ளுகிறோம். பொருளாதார நோக்கில் இரண்டாவதன் இழப்பே பெரிது என்பது என் கருத்து.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. எந்தக் கார் பழுதானது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் எல்லாக் கார்களுக்கும் குறைந்த விலையே தருவார்; அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனமில்லாதவர் சந்தையைவிட்டு விலகுவார்; முடிவில் பழுதானவையே எஞ்சும். படங்களின் சந்தையிலும் இதுவே நிகழ்கிறது. 2024 மார்ச் 10 அன்று வேல்ஸ் இளவரசி கேத்தரினும் அவருடைய பிள்ளைகளும் இருக்கும் படமொன்று வெளியானது. மகளின் சட்டைக் கை விளிம்பு பொருந்தாததைக் கண்டதும் உலகின் முன்னணிச் செய்தி முகமைகள் அப்படத்தைத் திரும்பப் பெற்றன. குடும்பப் படத்தில் செய்த சிறு திருத்தம்தான். ஆயினும் சில நாள்களுக்குப் பின் தமக்குப் புற்றுநோய் என்று அவர் காணொளியில் அறிவித்தபோது அதையும் போலி என்றவர்கள் இருந்தார்கள். பொய் மலிந்த இடத்தில், மெய்யான சான்றையும் 'ஒட்டுவேலை' என்று சொல்லித் தப்பிக்கக் குற்றவாளிக்குக் கிடைக்கும் வாய்ப்பை அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் ஆகிய இருவரும் 'பொய்யரின் ஈவுத்தொகை' என்றனர். பொருளாதார ஆசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய சொல்லாட்சி!

நம் நாட்டு நிகழ்வு ஒன்றையும் நினைவுகூரலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டபோது பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட ஒரு படத்தில், விமான ஜன்னலுக்கு வெளியே நீர் சூழ்ந்த கட்டடங்கள் துல்லியமாகத் தெரிந்தன. மூலப் படத்திலோ அங்கே மங்கலான காட்சியே இருந்தது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு அவ்வலுவலகம் அதை நீக்கியது. வெள்ளம் உண்மை, பயணமும் உண்மை. அப்படியிருந்தும் தேவையற்ற ஓர் ஒட்டு அரசின் படங்கள் மீதே ஐயத்தை விதைத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஒட்டில் ஜன்னலின் கூர்மைக்கும் உள்ளே இருந்த ஒளிக்கும் பொருத்தம் இல்லை. இன்றைய மென்பொருள் அந்தத் தடயத்தை விட்டுவைக்காது.

இந்த ஐயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? இளவரசிகளும் பிரதமர்களும் அல்லர். மகாத்மா காந்தி நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணித்தளத்தில் இருக்கும் தொழிலாளர்களைக் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், அதில் நடந்த முறைகேடுகளைப் பட்டியலிட்டது. பணிக்குத் தொடர்பில்லாத படங்கள், நேரில் எடுக்காமல் பழைய படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றியவை, ஒரே ஆள் பல வருகைப் பட்டியல்களில் தோன்றியவை என அது நீண்டது. இங்கே நிழலைப் பொருத்தும் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சோதிப்பவர் இல்லாத இடத்தில் போலிக்குத் தரம் எதற்கு? சோதனை வந்தால் தரமும் வரும். அந்தத் தரம் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அப்போது வெயிலில் மண் சுமந்த பெண்ணின் மெய்யான படமும் ஐயத்துக்குரிய குவியலில் சேரும். கூலி நிற்பது அவளுக்குத்தான். திட்டத்தின் பெயரும் சட்டமும் மாறியிருக்கலாம். படத்தையே வருகைப்பதிவாகக் கொள்ளும் எண்ணம் மாறவில்லை.

தீர்வாக முன்வைக்கப்படுபவற்றில் முதலாவது முத்திரை. செயற்கைப் படத்தின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை அடையாளக் குறிப்பு நிரப்ப வேண்டும் என்று மத்திய அரசு 2025 அக்டோபர் வரைவு விதிகளில் முன்மொழிந்தது. நேர்மையானவர் முத்திரை இடுவார், ஏமாற்றுபவர் இடமாட்டார். முத்திரை இல்லாத படம் மெய்யானது என்ற தவறான எண்ணத்தையும் அது வளர்க்கும். இரண்டாவது, படம் எடுக்கும் கணத்திலேயே அதன் பிறப்புச் சான்றைப் பதிக்கும் முறை. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை 2021-இல் அமைத்த கூட்டமைப்பு இதற்கான தரத்தை வகுத்தது. 2023-இல் இதனைக் கொண்டு வந்த முதல் கேமரா, லைக்கா நிறுவனத்தின் பல லட்ச ரூபாய் மாதிரி. 2025-இல் கூகுளின் பிக்ஸல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. விலை இறங்குவது நல்ல அறிகுறி. ஆனால் வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியே கைமாறும் படத்தில் இத்தகைய சான்று பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது.

மூன்றாவது நீதிமன்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிப்பவர் அந்தக் கோப்பின் எண்வழிக் கைரேகையான ஹேஷ் மதிப்பையும் நிபுணரின் ஒப்பத்தையும் இணைக்க வேண்டும் என்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும் என்பதால் இது பயனுள்ளதே. ஆயினும் கோப்பு கைக்கு வந்தபின் மாறவில்லை என்பதைத்தான் அது சொல்லும். வருவதற்கு முன்பே ஒட்டப்பட்டிருந்தால் ஒட்டுவேலைக்கே கைரேகை எடுத்ததாகும். நிபுணரின் கட்டணத்தை ஏழை வழக்காடி எங்கே தேடுவார் என்பதும் தனிக் கேள்வி. மாவட்டந்தோறும் சட்ட உதவி ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. படச் சோதனைக்கான நிபுணரை அவற்றின் வழியே இலவசமாக அளிப்பது அரசுக்குப் பெரிய செலவு ஆகாது.

கூலி விஷயத்தில் இன்னும் எளிய வழி உண்டு. வேலை உறுதிச் சட்டமே கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு இடமளித்திருந்தது. வெட்டிய குளத்தை நேரில் அளந்து, ஊரார் முன்னிலையில் வருகைப் பட்டியலை உரக்கப் படித்தால் எந்த ஆள் வந்தார், எந்த ஆள் வரவில்லை என்பதை ஊரே சொல்லிவிடும். படத்தில் ஐயம் எழுந்தால் அதை ஒருபுறம் வைத்துவிட்டு இந்தத் தணிக்கையை நடத்த வேண்டும். அது முடியும்வரை உழைத்தவரின் கூலியை நிறுத்திவைக்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இருக்கக் கூடாது.