நியூட்ரல் இல்லாத வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச்

போன லீவில் கொற்கைக்கு, ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பாண்டியர்களின் துறைமுகம், முத்து, அகழாய்வு என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே கொற்கைதான். இன்று கடல் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. மிச்சம் இருப்பது வாழைத்தோட்டம், குளம், ரெண்டாயிரம் வருஷப் பழசு என்று ஊரார் சொல்லும் வன்னி மரம், அப்புறம் எங்கள் ஆச்சியின் ஓட்டு வீடு.

ஆச்சிக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்து சுவிட்சைத் தேடக் கூடாதே என்று ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கிப் போனேன். போனில் தொட்டால் விளக்கு எரியும், குரல் கொடுத்தாலும் எரியும். பெரிய ஆள் மாதிரி பெட்டியைக் கழற்றினால், உள்ளே இருந்தது ரெண்டே ஒயர்!

ஒயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இதுல நியூட்ரல் கிடையாதுல்லா. அது நேரா விளக்குக்குப் போயிருக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஒயர் ஓட்டியவர்கள் சுவிட்சுக்கு பேஸை மட்டும் கொண்டு வந்தார்கள். அது சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் மேலேயே விளக்கோடு சேர்ந்துவிடும். சாதா சுவிட்சுக்கு அது போதும், ஒயரும் மிச்சம். ஆனால் ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது வைஃபையில் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும், போக வர ரெண்டு வழி வேண்டும். நியூட்ரல் இல்லாவிட்டால் வழி ஒன்றுதான்.

நியூட்ரல் தேவைப்படாத மாடலும் கடையில் கிடைக்கிறது. அது விளக்கின் வழியாகவே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். குண்டு பல்பு இருந்தால் தெரியாது. எல்இடி விளக்கு என்றால் அணைத்த பிறகும் மினுக் மினுக் என்று பேய் வீடு மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய விளக்கோடு ஒரு கெபாசிட்டர் சேர்க்கச் சொல்வார்கள்.

இது நம்மூர் தலைவலி மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு 24 வோல்ட் ஒயர் போகிறது. பழைய வீடுகளில் 'சி ஒயர்' எனப்படும் பொது ஒயர் சுவர் வரைக்கும் வந்திருக்காது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஹீட்டரின் ஒயரிலிருந்தே கரண்டைத் திருடிப் பார்க்கும். அது போதாவிட்டால் பேட்டரி இறங்கி, குளிர்காலத்தில் கழுத்தை அறுக்கும். அங்கேயும் தீர்வு ஒன்றுதான்: சும்மா கிடக்கும் உபரி ஒயரைச் சேர், இல்லாவிட்டால் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வை.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். நியூட்ரல் இல்லை என்றதும் பலரும் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்துவது. வேலை செய்யும். அதுதான் ஆபத்தே! அந்த எர்த் ஒயர் எங்கேயாவது அறுந்தால், அதோடு சேர்ந்திருக்கும் பிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் கரண்ட் வந்து நிற்கும். பக்கத்து அறை நியூட்ரலை இரவல் வாங்குவதும் தப்புதான். மெயினை அணைக்காமல் அந்த அறை பீஸை மட்டும் பிடுங்கிவிட்டு, எல்லாம் செத்துவிட்டது என்று கை வைக்கிற ஆள் கதி என்ன?

ஆச்சி வீட்டில் அந்தக் குறுக்கு வழிக்கும் வாய்ப்பில்லை. ஏனென்றால் எர்த்தே இல்லை! மூணு ஓட்டை பிளக் இருக்கிறது, மேல் ஓட்டையில் ஒயர் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. ஆச்சி வீட்டில் முழங்கால் அளவு. தண்ணீர் வடிந்து, சில நாள் கழித்து கரண்ட் வந்தபோது சுவர் இன்னும் ஈரம். பிரிட்ஜைத் தொட்ட ஆச்சிக்கு ஷாக் அடித்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தாள். "சுருக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று இன்றும் சாதாரணமாகச் சொல்வாள். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

1944-லேயே பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுத்த ஆற்றுப் படுகை இது. கரண்ட் நமக்குப் புதுசு இல்லை. ஆனாலும் அது வீட்டுக்குள் வந்து பத்திரமாகத் திரும்பிப் போகும் வழியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரருக்கு அது ஆடம்பரம் இல்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் எர்த் குழி. கோடையில் அதில் தண்ணீர் ஊற்றவும் மறக்கக் கூடாது. அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த் இருந்தால் உடம்பில் கசிவு வந்ததுமே ட்ரிப் ஆகும், இல்லாவிட்டாலும் ஆள் தொட்டதும் ட்ரிப் ஆகும். அதிக லோடுக்கு அது காவல் இல்லை, எம்சிபி தனியாக வேண்டும். மூன்றாவது, ஒயரிங் மாற்றும்போது ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரலைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஸ்மார்ட் சாமான் எல்லாம் நாலாவதுதான். ஏசியை மட்டும் போனில் இயக்க வேண்டுமா? ரிமோட் மாதிரி சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டி இருக்கிறது, பிளக்கில் சொருகினால் போதும், சுவரைத் தொடவே வேண்டாம்.

நான் வாங்கிய சுவிட்ச் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. அப்பாவிடம் பேசி, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து எர்த்தும் ஆர்சிசிபியும் போட்டுவிட்டோம். ராத்திரி விளக்குக்கு, பிளக்கில் சொருகும் ஒரு சின்ன நைட் லாம்ப்.

"இதுக்கா இம்புட்டு செலவு? கண்ணுக்கே ஒண்ணும் தெரியலையே" என்றாள் ஆச்சி. தெரியாமலே இருக்கட்டும் ஆச்சி, அதுதான் நல்லது.