நெரிசல் சாவு: ஓடியதால் அல்ல, நகர முடியாததால்

2021 நவம்பர் 5, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் 'ஆஸ்ட்ரோவேர்ல்ட்' இசைத் திருவிழா. என்ஆர்ஜி பார்க் வளாகத்தில் சுமார் 50,000 பேர். மேடைத் திரையில் கவுன்ட்டவுன் ஓடுகிறது. 9 மணி தாண்டியதும் ஸ்காட் மேடையேறுகிறார். 9.38-க்கு தீயணைப்புத் துறை இதைப் பலர் பாதிக்கப்பட்ட அவசரச் சம்பவமாக அறிவிக்கிறது. பாட்டு நிற்கவில்லை. அதன் பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் கச்சேரி நடந்தது. 10 பேர் இறந்தார்கள். மிகச் சிறியவருக்கு வயது 9, மூத்தவருக்கு 27.

மறுநாளே வழக்கமான பேச்சு தொடங்கிவிட்டது. ரசிகர்கள் வெறி பிடித்து ஓடினார்கள், போதை, யாரோ ஊசி குத்தினார்கள் என்று வதந்திகள். ஒரு மாதம் கழித்து வந்த மருத்துவப் பரிசோதகரின் முடிவு வேறு. பத்துப் பேருக்குமே மரணக் காரணம், உடல் அழுத்தப்பட்டதால் ஏற்பட்ட மூச்சுத்திணறல்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம மொழியிலேயே சரியான சொல் இருக்கிறது. ஆங்கிலச் செய்திகளில் இதற்கு வரும் 'ஸ்டாம்பீட்' என்ற சொல், மாட்டுமந்தை மிரண்டு ஓடுவதற்கான சொல். தமிழில் 'நெரிசல்'. கழுத்தை நெரிப்பது என்கிறோமே, அதே நெரி. நடப்பதும் அதுதான். ஆனால் நாமும் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'முண்டியடித்ததால்', 'கட்டுக்கடங்காத கூட்டத்தால்' என்று ஒட்டவைத்து, இறந்தவர்கள் மீதே பாதிப் பழியைப் போட்டுவிடுகிறோம். எங்கள் செய்திகளிலும் இது நடந்திருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர்?

தரையில் சுமார் மூன்றேகால் அடி நீளம், மூன்றேகால் அடி அகலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். அது ஒரு சதுர மீட்டர். அதில் இரண்டு பேர் நின்றால் தாராளம். மூன்று, நான்கு பேர் என்றால் தோள் உரசும், ஆனால் நினைத்த பக்கம் திரும்பலாம். விளையாட்டு மைதானங்களின் நின்று பார்க்கும் பகுதிக்கு பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி வைத்திருக்கும் உச்சவரம்பு, 10 சதுர மீட்டருக்கு 47 பேர். அதாவது கட்டத்துக்கு ஐந்து பேர்கூடக் கிடையாது.

ஆறு, ஏழு பேர் ஆகும்போது கூட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை தனித்தனி மனிதர்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மாதிரி. ஒரு மூலையில் யாரோ லேசாகச் சாய்ந்தால் அந்த அழுத்தம் அலையாகப் பரவி, இருபது முப்பது அடி தள்ளி நிற்பவரின் நெஞ்சில் போய் இடிக்கும். கூட்டங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், இந்த நிலையில் ஆட்கள் செருப்பிலிருந்து அப்படியே தூக்கப்பட்டு நகர்வதைப் பற்றி 1990-களிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் நடக்கவில்லை, கூட்டம் உங்களை நடத்துகிறது.

மூச்சு விடும்போது விலா எலும்புகள் விரிய வேண்டும். முன்னாலும் பின்னாலும் அழுத்தம் இருந்தால் மூச்சு வெளியே போகும், உள்ளே வராது. சில நிமிடங்கள் போதும். பலர் நின்றபடியே மயங்குகிறார்கள், சிலர் நின்றபடியே இறக்கிறார்கள். கீழே விழக்கூட இடம் இல்லாததால் பக்கத்தில் இருப்பவருக்கே அது தெரிவதில்லை.

"நாங்க தினமும் பீக் அவர் டிரெயின்ல இப்படித்தானே போறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயில் பெட்டி ஒரு மூடிய டப்பா. கதவைத் தாண்டி இன்னும் ஆயிரம் பேர் உங்கள் முதுகில் சாய முடியாது. மைதானத்தில் முடியும். எண்ணிக்கை அதிகம் என்பதோடு, அந்த எண்ணிக்கையின் எடை முழுவதும் ஒரே திசையில், மேடையை நோக்கிச் சேர்கிறது. அங்கேதான் ஆபத்து.

இன்னொரு விஷயம். முன்னால் நசுங்குபவருக்கு என்ன நடக்கிறது என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது மேடை வெளிச்சமும் முன்னால் தெரியும் அரையடி இடைவெளியும்தான். அவர் ஒரு எட்டு முன்னே வைக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அலறலைக் கேட்கவிடாமல் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்கின்றன.

டூயிஸ்பர்க்கில் யாரும் ஓடவில்லை

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 2010 ஜூலை 24 அன்று நடந்த 'லவ் பரேட்' எலெக்ட்ரானிக் இசை விழாதான் இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட சம்பவம். பழைய ரயில் சரக்கு முனையம்தான் விழா இடம். சுற்றிலும் வேலி. அங்கே போக ஒரு சுரங்கப்பாதை, அதன் நடுவிலிருந்து மேலேறும் ஒரு சாய்தளம். அந்தச் சாய்தளம்தான் உள்ளே போகும் முக்கிய வழி, வெளியே வரும் வழியும் அதுவே. போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கே முட்டிக்கொண்டார்கள். 21 பேர் இறந்தார்கள், 650-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அந்த வீடியோக்களை நுணுக்கமாகப் பார்த்த டிர்க் ஹெல்பிங், பிரதிக் முகர்ஜி ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, இதை 'மக்களின் பீதி' என்று விளக்க முடியாது என்பதே. கூட்டம் மிரண்டு ஓடியதால் யாரும் நசுங்கவில்லை. அடர்த்தி ஏறிய பிறகு கூட்டம் தானாகவே நிலநடுக்கம் போல அதிர்ந்தது. பீதி வந்திருந்தால் அது காரணம் அல்ல, விளைவு.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு இதை இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோயிருக்கிறது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் சான் ஃபெர்மின் திருவிழா தொடங்கும் நாளில், ஒரு சின்னச் சதுக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் அடைந்து நிற்பார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பார்தோலோவின் குழு மேலே பால்கனிகளிலிருந்து கேமரா வைத்தது. அடர்த்தி ஒரு எல்லையைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானவர்கள், யாரும் சொல்லாமல், தாங்களே அறியாமல், சேர்ந்து வட்டமாக அசையத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி. டூயிஸ்பர்க் வீடியோக்களைப் பார்த்தபோது அங்கேயும் அதே வகை அசைவு. சதுக்கத்தில் யாரும் சாகவில்லை, ஆனால் அறிகுறி ஒன்றுதான். கேமராவில் இந்த அசைவு தெரிந்தால் அப்போதே இசையை நிறுத்தலாம். தொழில்நுட்பம் என்று பார்த்தால் இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

யார் நிறுத்த வேண்டும்?

மறுபடி ஹூஸ்டன். அந்த விழாவுக்கு 56 பக்கப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது. வெடிகுண்டு மிரட்டல், துப்பாக்கிச் சூடு, மோசமான வானிலை எல்லாவற்றுக்கும் அதில் வழி சொல்லியிருந்தார்கள். கூட்டம் மேடையை நோக்கி நெருக்கினால் என்ன செய்வது என்பதற்கு இல்லை. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் திட்டப்படி இரண்டே பேருக்கு. விழா இயக்குநருக்கும் நிர்வாகத் தயாரிப்பாளருக்கும். தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று முகம் நீலமாவதைப் பார்க்கும் செக்யூரிட்டி ஊழியருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஸ்காட் பாடும் நேரத்தில் இரண்டாவது மேடையில் வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்கப்படவில்லை. ஆக மொத்தக் கூட்டமும் ஒரே மேடைக்குப் போனது. மேடைக்கு முன்னால் தடுப்புகளால் பிரித்த பகுதிகளுக்குள் புகுந்தவர்களுக்குப் பக்கவாட்டில் வெளியேற வழியில்லை. அந்த மேடைக்கு முன்னால் 50,000 பேரை நிறுத்தவே முடியாது என்று விழாவின் பாதுகாப்புப் பொறுப்பாளரே முன்கூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது பின்னால் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. தெரிந்திருந்தது. டிக்கெட்டும் விற்றாகிவிட்டது.

தண்டனை? 2023 ஜூனில் அமெரிக்க கிராண்ட் ஜூரி ஸ்காட் உட்பட யார் மீதும் குற்றம் சாட்ட மறுத்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்குகள் 2024-க்குள் சமரசத்தில் முடிந்தன. டூயிஸ்பர்க்கில் நகராட்சி ஊழியர்கள், ஏற்பாட்டாளர்கள் என 10 பேர் மீது 2017 டிசம்பரில் விசாரணை தொடங்கி, 2020 மே மாதம் யாருக்கும் தீர்ப்பு இல்லாமலே கைவிடப்பட்டது. வரைபடம் போட்டவர், கையெழுத்துப் போட்டவர், கேட்டைத் திறந்தவர் என்று தவறு பத்துத் துண்டாகப் பிரிந்து கிடக்கும்போது கிரிமினல் சட்டத்தின் கைக்கு எதுவும் முழுதாகச் சிக்குவதில்லை. அதனால்தான் நாம் சம்பவத்துக்குப் பிறகு 'யாரைக் கைது செய்தார்கள்' என்று தேடுவதைவிட, முன்பே 'யார் அனுமதி கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு' என்று கேட்க வேண்டும் என்கிறோம்.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழா இதைச் செய்து காட்டியது. 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் இசைக்குழு பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் சேற்றில் 9 பேர் நசுங்கி இறந்தார்கள். பாட்டை நிறுத்திவிட்டு, பின்னால் நகரும்படி பாடகரே கூட்டத்திடம் கேட்டார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதன் பிறகு மேடைக்கு முன்னால் உள்ள இடத்தைத் தனியாகத் தடுத்து, எண்ணி எண்ணித்தான் ஆட்களை விடுகிறார்கள். விழா இன்றும் நடக்கிறது.

பனையூரும் கொச்சியும்

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கதை இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை இசிஆரில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரியை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள், கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்டவர்கள், பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள். அளவுக்கு மீறிய கூட்டம் என்பதை ஒப்புக்கொண்டு ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மான் கேட்டுக்கொண்டார். பிறகு மீம்ஸ் போட்டோம், ரீஃபண்ட் பற்றிப் பேசினோம். அன்று யாரும் சாகவில்லை, அதனால் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது.

இரண்டரை மாதம்தான். நவம்பர் 25-ல் கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில், நிகிதா காந்தியின் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே 4 பேர் இறந்தார்கள். திறந்தவெளி அரங்கு. மழை பிடித்ததும் வெளியே நின்றவர்கள் ஒரே கேட்டை நோக்கி வந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் கீழிறங்கும் படிகள். முன்னால் போனவர்கள் தடுமாறி விழ, அவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள். மழைக்கு ஒதுங்குவது குற்றமா? அந்தக் கேட்டும் அந்தப் படியும் மழைக்கு முன்பே அங்கேதான் இருந்தன.

இந்தியாவில் வழிகாட்டி இல்லையென்று சொல்ல முடியாது. கூட்டங்களைக் கையாள்வது பற்றி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே தனி நூல் வெளியிட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் கரூர் அரசியல் கூட்டத்தில் 41 உயிர்கள் போன பிறகு விதிமுறை என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது. கச்சேரி மைதானத்துக்கு அது வந்துசேர்ந்ததா என்பதை டிக்கெட் ஆப்பைத் திறந்தாலே தெரிந்துகொள்ளலாம். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நிறம் நிறமாகப் பிரித்திருக்கும். பார்க்கிங் கட்டணம் இருக்கும். சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று இருக்கும். அந்த மைதானத்தில் எத்தனை பேருக்கு போலீஸ் அனுமதி, ஒவ்வொரு பகுதியின் கொள்ளளவு எவ்வளவு, எத்தனை டிக்கெட் விற்றாயிற்று, வெளியேறும் வழிகள் எத்தனை என்பவை மட்டும் இருக்காது.

அனுமதிக் கடிதம் போட்டவர்களிடம் அந்த எண் கட்டாயம் இருக்கிறது. அதை டிக்கெட்டிலேயே அச்சிடச் சொல்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, அனுமதியில் ஒரு நிபந்தனை போதும். அதே கடிதத்தில், இசையை நிறுத்தும் அதிகாரம் தரையில் நிற்கும் யாருக்கு என்றும் பெயர் போட்டு எழுதலாம். கலைஞரும் ஒத்திகையின்போதே அந்த ஆளைச் சந்தித்திருக்க வேண்டும். பாடிக்கொண்டிருப்பவருக்குக் கண்ணில் லைட் அடிக்கும்போது கூட்டத்தின் நிலவரம் தெரியாது, அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

அது வரும்வரை, இந்த வார இறுதியில் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: உள்ளே போனதும் மேடையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வெளிவழிகளைப் பார்த்து வையுங்கள். கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை, உங்கள் விருப்பம் இல்லாமல் உடல் ஆடுகிறது என்றால் அடுத்த பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அப்போதே விலகுங்கள். அழுத்தம் வந்துவிட்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வையுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தளரும் நொடியில் பக்கவாட்டில், மூலைவிட்டமாக நகருங்கள். தடுப்புக் கம்பியிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி இருங்கள். பிள்ளைகள் இருந்தால் முன்வரிசை ஆசையே வேண்டாம். ஃபோன் கீழே விழுந்தால் குனியாதீர்கள், போகட்டும்.