நாற்பதாம் நாளின் அழுகை

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை இரவில் இடைவிடாது அழுதால், நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு உள்ளாகிறவள் தாய்தான். பால் பற்றவில்லையா, பத்தியம் தவறினாளா, யாருடைய கண்ணேறு படும்படி விட்டாள் என்று கேள்விகள் எழுகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் நன்கு உறங்கி எழுந்தவர்கள். கண்ணேற்றிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது மார்க்கத்தில் உள்ளதே. அதைச் சொல்லித் தாயைக் குற்றவாளியாக்குவது அதில் இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையை ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்து, பன்னிரண்டாம் வாரத்திற்குள் வெகுவாகக் குறைந்தது. அவை நலமுடன் இருந்த குழந்தைகள்.

ஆறாம் வாரம் என்பது நாற்பதாம் நாளை ஒட்டியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாற்பது முடிந்ததும் துணையிருந்தோர் விடைபெறுகின்றனர். அடுப்படி வேலை மீண்டும் தாயின் தோளில் ஏறுகிறது. அழுகை உச்சத்தை எட்டும் வேளையில்தான் அவளைத் தனியே விடுகிறோம்.

பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்கும். ஆனால் துண்டு துண்டாக. இரவு, பகல் என்ற வேறுபாட்டை அறியும் உடற்கடிகாரம் அதற்கு இரண்டு, மூன்று மாதங்களில்தான் சீராகத் தொடங்குகிறது. அதன் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, கைகால் அசைத்து முனகும் உறக்கம். அந்த முனகலுக்கெல்லாம் உடனே தூக்கினால் நாமே எழுப்பிவிடுகிறோம். சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். உண்மையில் அழும்போதோ தூக்கத் தயங்க வேண்டியதில்லை. பிடிவாதம் பிடிக்கும் அறிவு அந்த வயதில் இல்லை.

தொழுகையை நீட்டித் தொழ நாடிய நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாய்க்குச் சிரமமாகும் என்று சுருக்கிக்கொண்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாமுக்குரிய சட்டமாகவே இந்த ஹதீஸ் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அழுதது குழந்தை, நபியவர்கள் எண்ணிப் பார்த்ததோ தாயின் உள்ளத்தை. நம் ஆண்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

பாலூட்டுவது ஒன்றே தாயால் மட்டும் ஆவது. ஏப்பம் விட வைப்பதும், துணி மாற்றுவதும், தோளில் சாய்த்து நடப்பதும் தந்தையாலும் முடியும். ஃபஜ்ருக்கு எழுகிறவர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டால், தாய்க்கு இடையறாத உறக்கம் சிறிதேனும் வாய்க்கும். பொறுமை எல்லை மீறுகிறது என்று உணர்பவர், குழந்தையைத் தொட்டிலில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்கட்டும். ஆத்திரத்தில் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும், உயிரே போகக்கூடும்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்க்கும் இது பொருந்தும். குழந்தை உறங்கும்போதும் அவளுக்கு உறக்கம் வராமல், காரணமின்றி அழுகை பெருகி, பிள்ளையைக் காணவே மனம் வராத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது ஈமானின் குறைவன்று, நோய். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திராமல், கணவரே அவளை அழைத்துச் செல்ல வேண்டும்.