பதினொரு மாத வைத்தியர்கள்

கிராம ஜனங்களின் உயிரை ஒப்பந்த முறையில் பாதுகாத்துவிடலாம் என்று சர்க்கார் எண்ணத் தொடங்கிப் பல வருஷங்களாகின்றன. மாவட்டச் சுகாதாரச் சங்கங்களின் பேரால் வெளியாகும் டாக்டர், நர்ஸ் உத்தியோக விளம்பரங்களை நமது வாசகர்கள் பார்த்திருப்பார்கள். படிப்பு, சம்பளம் முதலிய விவரங்களின் அடியில் ஒரு நிபந்தனை காணப்படும். வேலை முற்றிலும் தற்காலிகமானது. எக்காலத்திலும் நிரந்தரமாக்கப்பட மாட்டாது. இதற்குச் சம்மதம் என்று வருகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் பெரும்பாலும் 11 மாதம். பன்னிரண்டாவது மாதத்தை ஏன் விட்டார்கள் என்பது சட்டம் அறிந்தவர்களுக்கு விளங்கும். இடைவிடாமல் உழைத்தோம் என்ற பாத்தியதை எவருக்கும் ஏற்பட்டுவிடக் கூடாதல்லவா?

இம்முறையால் நேரும் தீங்கை வேலைக்கு வருபவர்களின் குறையாக மட்டுமே பேசுவது வழக்கமாகிவிட்டது. நாம் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையில் சாலையோரத்தில் இருக்கிறது மங்கலம்பேட்டை. நெல்லும் கரும்பும் முந்திரியும் விளையும் பிரதேசம். முந்திரித் தோப்பில் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டால் அவருக்கு விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். அம்மருந்தோ சிலருடைய உடம்பில் திடீரென்று ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. பல கேஸ்களைக் கண்டு கைபழகிய டாக்டர் அதற்கு அஞ்சமாட்டார். சென்ற மாதம் வந்து அடுத்த வருஷம் இருப்போமா என்று அறியாதவர், பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதே தமக்கு க்ஷேமம் என்று நினைப்பார். அவரை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ வண்டி ஓடும் நேரத்தில் விஷம் காத்திருக்குமா?

இன்னொரு வியாதியையும் கவனியுங்கள். விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் பெயர் பெற்றது. களிமண், மணற்கல் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு வரக்கூடிய நுரையீரல் நோய் ஒரே நாளில் வருவதன்று. பல வருஷங்களில் மெள்ள முற்றுவது. போன வருஷம் இவனுக்கு இருமல் எப்படியிருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதா என்று ஞாபகம் வைத்திருக்கும் வைத்தியரல்லவா அதைக் காலத்தில் கண்டுபிடிப்பார்! நீரிழிவும் இரத்த அழுத்தமும் அப்படிப்பட்டவையே. 11 மாதத்துக்கொரு புது முகம் வந்தால் நோயாளி ஒவ்வொரு தடவையும் தன் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதுதான்.

கிராமத்துக்கு டாக்டர் கிடைப்பது நமது மாகாணத்தில் பழைய பிரச்சினை. 1920-களில் பனகால் அரசரின் மந்திரி சபை, கிராமத்தில் தங்கித் தொழில் நடத்த இசையும் டாக்டர்களுக்கு வருஷாந்திர உதவித் தொகை கொடுத்தது. ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. மற்றவர்களிடம் அவர் தொழில் நடத்திக் கொள்ளலாம். அரைகுறை ஏற்பாடுதான். எனினும் டாக்டர் அவ்வூரில் குடியிருக்க வேண்டுமென்ற நோக்கம் அதில் இருந்தது. 1946-ல் அறிக்கை வெளியிட்ட போர் கமிட்டி, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 6,000 பேருக்கு ஒரு டாக்டர் என்பதையும், அவர்களும் பட்டணங்களிலேயே நெருங்கியிருப்பதையும் எடுத்துக்காட்டி, கிராமங்களுக்கு முழுநேரச் சம்பளம் பெறும் வைத்தியர் வேண்டுமென்று கூறியது. நமது டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அக்கமிட்டியில் ஓர் அங்கத்தினர். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டுக்கே அவ்வறிக்கைதான் வித்து.

அன்று டாக்டர்கள் இல்லை என்று சொல்லலாம். இன்று அந்தச் சாக்கு செல்லாது. தமிழ்நாட்டில் 36 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; அவற்றில் 11 கல்லூரிகள் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மங்கலம்பேட்டையைச் சுற்றியே சிதம்பரம், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று மூன்று. 2025 பிப்ரவரியில் 2,642 உதவி மருத்துவர்களுக்கு முறையான நியமனம் அளிக்கப்பட்டதை நாம் மனமார வரவேற்கிறோம். மனமிருந்தால் நடக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அதே சர்க்கார் இயந்திரம் மற்றொரு கையால் செய்திருப்பதையும் மறக்க முடியவில்லை. 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரமாகும் என்று காத்திருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னைத் தெருவுக்கு வந்தார்கள். 2020 டிசம்பரில் 2,000 மினி கிளினிக்குகள் என்று முரசறைந்து, தற்காலிக டாக்டர்களை அமர்த்தினார்கள். 2022 ஜனவரியில் அத்திட்டம் முடிந்ததென்று அறிவித்தார்கள். கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்த 2,300-க்கும் மேற்பட்ட நர்ஸுகளின் சேவை 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு போதுமென்று சொல்லிவிட்டார்கள். கிளர்ச்சிக்குப் பின் மாற்று வேலை தருவதாகக் கூறினார்கள், அதுவும் தற்காலிகமே! ஆட்சியிலிருந்த கட்சி எது என்பது இங்கே முக்கியமன்று. இரண்டு கட்சியாரும் இதில் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள்.

தற்காலிக வைத்தியரே கூடாதென்பது நமது வாதமன்று. பிரசவ லீவில் ஒருவர் போவார், மேற்படிப்புக்கு ஒருவர் மூன்று வருஷம் போவார், கொள்ளைநோய் வரும். அப்பொழுது மாற்றாள் வேண்டியதுதான். ஆனால் விருத்தாசலம் ஜங்ஷனைப் பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் லீவு எடுத்தால் ரயில்வேயார் 11 மாதத்துக்கு ஆள் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்வதில்லை. ஊருக்கு ஊர் சென்று மாற்று வேலை பார்ப்பதற்கென்றே நிரந்தர ஸ்டேஷன் மாஸ்டர்களை வைத்திருக்கிறார்கள். வண்டிக்குச் செய்யும் ஏற்பாட்டை மனிதருக்குச் செய்யலாகாதா? ஒவ்வொரு மாவட்டத்திலும் லீவுக்கும் மேற்படிப்புக்கும் ஈடாக, நிரந்தர உத்தியோகத்தில் உள்ள டாக்டர்கள், நர்ஸுகள் அடங்கிய தனிப் பட்டியல் இருக்க வேண்டும். அவர்கள் இன்று மங்கலம்பேட்டையிலும் ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரிலும் இருக்கலாம். இடம் மாறும், வருஷாந்திர சம்பள உயர்வும் லீவும் பதவி உயர்வும் அறுபடா. இந்த ஏற்பாட்டுக்குச் செலவு அதிகமாகுமென்பதை மறுக்கவில்லை. அச்செலவை இப்பொழுது நோயாளிகள் வாடகைக் காரிலும் தனியார் ஆஸ்பத்திரியிலும் செலுத்தி வருகிறார்கள் என்பதையும் நிதி இலாகா கணக்கில் சேர்க்கட்டும்.

இதில் நமது ஊழியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உத்தியோகங்கள் எத்தனை, அவற்றில் நிரந்தரமாக நிரப்பப்பட்டவை எத்தனை, சென்ற ஐந்து வருஷங்களில் எத்தனை டாக்டர்கள் வந்து போனார்கள் என்ற மூன்று கேள்விகளை 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பதிலைப் பேரூராட்சி மன்றத்திலும், சுற்றுக் கிராமங்களின் கிராம சபைகளிலும் வாசித்துத் தீர்மானம் செய்து, தொகுதியின் சட்டசபை அங்கத்தினருக்கு அனுப்ப வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார மானியம் விவாதத்துக்கு வருமுன் அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.