எக்கொடிக்கு இடம் அளிப்பது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரச் சிற்றூர்களில் பலாவிலும் முள்முருக்கிலும் மிளகுக்கொடி பற்றி ஏறும்; வீட்டுப் பந்தலில் முல்லை படரும். தரையில் அடர்ந்து படரும் செடிகளோ மழையில் மண் கரையாமல் காக்கும். கோடையில் ஈரம் விரைந்து உலராமல் தடுக்கும். ஆதலால் பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் சாலையோரச் சரிவுகளிலும் பச்சை மாறாத படர்செடிகளை வளர்த்தல் நன்று. ஆயினும், பசுமையானவை எல்லாம் நல்லவை என்று கொள்ளுதல் பிழையாகும்.

சிங்கப்பூர் டெய்சி என்னும் மஞ்சள் பூச்செடி இதற்குச் சான்று. பெயர் எவ்வாறாயினும் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்காவே. தரையை மூடும் அழகுச்செடியாகப் பல நாடுகளில் அதனை நட்டனர். அதன் தண்டுக் கணுக்கள் மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். வெட்டி எறிந்த துண்டும் தழைக்கும். அந்த அடர்விரிப்பின்கீழ் வேறு செடிகள் முளைத்தல் அரிது.

மற்றொரு கொடியைக் கேரள மக்கள் 'திருதராட்டிரப் பச்சை' என்பர். வீமனின் இரும்பு உருவத்தைத் தழுவி நொறுக்கியவன் திருதராட்டிரன். இக்கொடியும் பயிர்களையும் இளமரங்களையும் தழுவிப் படர்ந்து, கதிரொளியை மறைத்து அழிக்கும். உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன.

அயலிலிருந்து வந்ததா இவற்றின் குற்றம்? அன்று. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் பயிரை ஊக்குவித்தார். இன்று அது 'மரச்சீனி' என்னும் பெயருடன் எளியோர் பசியைத் தீர்க்கும் உணவாக விளங்குகிறது. வந்த இடத்தில் பிறவற்றோடு இணைந்து வாழ்வது அம்மண்ணுக்கு உரியதாகிவிடும். அருகிலுள்ளதை வாழவிடாமையே குற்றம்.

அயல்கொடிகள் விரைவில் படரும், பராமரிப்பும் வேண்டா என்பர் சிலர். நடும்போது மிச்சமாகும் உழைப்பு, பின்னர் களையும்போது பன்மடங்காகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தரையை மூட மஞ்சள் கரிசலாங்கண்ணி உண்டு. பூவில் அது சிங்கப்பூர் டெய்சியை ஒத்திருப்பினும் இலையில் வேறுபடும். டெய்சியின் இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணியின் இலையோ பிளவின்றி நீண்டிருக்கும். அது மருந்துமாகும். ஈரமான இடத்திற்கு வல்லாரையும், நிழலுக்குத் திப்பிலியும், பந்தலுக்கு முல்லையும், மரத்திற்கு மிளகும் பொருந்தும்.

ஊராட்சிகளும் பள்ளிகளும் ஒரு செடியை நடுமுன் அதன் அழகை மட்டும் நோக்குதல் போதாது. அது தன் அருகே எவற்றை வாழவிடும் என்பதையும் ஆராய்ந்து நடுதல் வேண்டும்.