சிங்கம் ஒண்ணு, ஜீப் முப்பது!

'நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், ஃபைனல் இயர். வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் காசு சேர்த்து ஆப்பிரிக்கா சஃபாரி போறதுன்னு சபதம் போட்டிருக்கோம். கென்யாவா, தான்சானியாவா, தென்னாப்பிரிக்காவா? ஒரே வார்த்தையில் பதில் ப்ளீஸ்!' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

எந்த மாசம்? ரெண்டு வார்த்தை ஆயிடுச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க பாஸ்.

டி.வி.யில் பார்த்திருப்பீங்க. ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் வைல்டபீஸ்ட் நிற்கும். (மாட்டு மூஞ்சி, தாடி, ஆனா மான் வகை.) ஒண்ணு குதிச்சதும் எல்லாம் குதிக்கும். தண்ணிக்குள்ள முதலை வாயைப் பிளந்துட்டு இருக்கும். 'இதைப் பார்க்கணும் மச்சி'ன்னு ஏப்ரலில் டிக்கெட் போட்டா என்ன ஆகும்? மாரா ஆறு இருக்கும், முதலை இருக்கும், மந்தை மட்டும் இருக்காது. பத்து லட்சத்துக்கும் மேலான அந்தக் கூட்டம் மழையையும் புல்லையும் துரத்திக்கிட்டு வருஷம் பூரா சுத்துது. தான்சானியாவின் செரெங்கெட்டி, கென்யாவின் மசாய் மாரா ரெண்டும் ஒரே காட்டுவெளிதான். நடுவில் கோடு போட்டது மனுஷன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெற்கே ண்டுட்டு பக்கம் குட்டி போடும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே ஆற்றைக் கடக்கும். ஆக, நாட்டைத் தேர்ந்தெடுக்கிறது நீங்க இல்லை, காலண்டர்!

சரி, ஆகஸ்ட்ல லீவு போட்டு மாராவுக்கே போயிடலாமா? இங்கதான் பர்ஸ் அழும். 2024 ஜூலை முதல் வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 டாலர் (ஜனவரி முதல் ஜூன் வரை 100). நாலு பேர், மூணு நாள் - 2,400 டாலர். ரெண்டு லட்ச ரூபாய். ஜீப், சாப்பாடு, படுக்கை எதுவும் இதில் சேர்த்தி இல்லை.

அவ்வளவு கொடுத்துப் போனா உங்களுக்கு முன்னாடி ஊரே நிற்கும். ரஜினி பட சிங்கம் தனியா வரலாம், நிஜச் சிங்கம் குடும்பத்தோட வாழற பிராணி. ஆனா அதைவிடப் பெரிய கூட்டமா வர்றது ஜீப்தான். ஒரு டிரைவர் வயர்லெஸ்ஸில் 'சிறுத்தை'ன்னு சொல்லிட்டார்னா போதும், பத்து நிமிஷத்தில் தி.நகர் தீபாவளி டிராஃபிக். 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கில் டூரிஸ்ட்டுகள் வண்டியை விட்டு இறங்கி, மந்தை ஆற்றுக்குப் போற வழியையே அடைச்சுக்கிட்டு நின்ன வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. மழையை நம்பிப் பல நூறு கிலோமீட்டர் நடந்து வந்த விலங்கு, கேமராவைப் பார்த்து மிரண்டு திரும்புது. வெறும் போட்டோ ஆசைக்கு ரொம்ப அதிக விலை இது.

அதனால கிழக்கு ஆப்பிரிக்காதான் வேணும்னா என் ஓட்டு பிப்ரவரிக்கு, ண்டுட்டுவுக்கு. ஆற்றைக் கடக்கிற சினிமா சீன் கிடையாது. ஆனா பிறந்த குட்டி சில நிமிஷத்தில் தட்டுத்தடுமாறி எழுந்து, அம்மா பின்னாடி ஓட ஆரம்பிக்கும். ஓடலைன்னா கழுதைப்புலி காத்திருக்கு. நம்ம முதல் செமஸ்டரே பரவாயில்லைன்னு தோணும்!

'அந்த நிலம் யாரோடது'ன்னு ஒரு கேள்வியையும் பையில் போட்டுக்குங்க. செரெங்கெட்டியை தேசியப் பூங்காவாக்கினதுக்கு அப்புறம், 1959-ல் அங்கிருந்த மசாய் மக்களை ங்கொரொங்கொரோ பக்கம் அனுப்பினாங்க. 2022 முதல் அங்கேயிருந்தும் கிளப்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ம்சொமேராவுக்கு அனுப்பற வேலை தொடங்குச்சு. 'விருப்பப்பட்டுத்தான் போறாங்க' என்கிறது அரசு. 'விரட்டறாங்க' என்கிறாங்க மசாய் அமைப்புகளும் மனித உரிமைக்காரங்களும். நான் சொன்ன ண்டுட்டுவும் அந்த ங்கொரொங்கொரோ எல்லைக்குள்ளதான் வருது, அதையும் மறைக்க விரும்பலை. கென்யா பக்கம் வேற ஒரு வழி இருக்கு. மாராவைச் சுத்தி மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடக்கிற 'கன்சர்வன்சி'கள். வாடகை அவங்க கைக்குப் போகுது. வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ராத்திரி சஃபாரி கூடப் போகலாம். என்ன, ரேட்டு எகிறும்.

பட்ஜெட்னு வந்தா ஒரே ஹீரோ தென்னாப்பிரிக்காவின் க்ரூகர். கேரளாவில் பாதி சைஸ் காடு. இங்க ஜீப்பும் வேண்டாம், கைடும் வேண்டாம். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு சாதாரண கார் வாடகைக்கு எடுத்தா ஒரே பகலில் போய்ச் சேர்ந்துடலாம். அங்கேயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகம், அதுக்கு மேல கூடாது. குறிச்ச இடம் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. கேட் சாத்தறதுக்குள்ள முகாமுக்குத் திரும்பலைன்னா அபராதம். ஹாஸ்டல் வார்டனைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. வேலி போட்ட முகாமில் குடிசை வாடகைக்கு எடுத்து, நாலு பேரும் பங்கு போட்டு, சமைச்சுச் சாப்பிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம், மழை கிடையாது. செடிகொடி காய்ஞ்சு போறதால பார்வை தூரம் போகும், விலங்கெல்லாம் தண்ணியைத் தேடி வந்தே ஆகணும். நீங்க குட்டை ஓரமா எஞ்சினை அணைச்சுட்டு உட்கார்ந்தா போதும். மலேரியா ஏரியா என்பதால் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்க.

க்ரூகரில் சிங்கத்தை நீங்களேதான் கண்டுபிடிக்கணும். ஒரு நாள் முழுக்க மான் மட்டுமே வரலாம். மூணாம் நாள் காலையில் ரோட்டுக்கு நடுவே ஒரு யானை நின்னுக்கிட்டு, 'நீ போறியா, நான் வரவா'ன்னு பார்க்கும்போது ரிவர்ஸ் கியர் போடத் தெரிஞ்ச ஆள் ஸ்டியரிங்கில் இருக்கணும். முடிவு பண்ணிக்குங்க, யார் ஓட்டறதுன்னு!

மத்ததெல்லாம் அடுத்த ரவுண்டு. நமீபியாவின் எட்டோஷாவிலும் சொந்தமா ஓட்டலாம். ஓகாகுவேயோ முகாமில் ராத்திரி விளக்கு போட்ட குட்டைக்கு காண்டாமிருகம் தண்ணி குடிக்க வரும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கோடீஸ்வர மாப்பிள்ளைகளுக்கு. கொரில்லா பார்க்க உகாண்டாவில் ஒரு மணி நேரத்துக்கு பெர்மிட் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

ஆங்... புலி எங்கே பார்க்கலாம்னு கேட்ட இன்னொரு நண்பருக்கு: ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாதுங்க. முதுமலைக்கு பஸ் ஏறுங்க.

காசு சேர்க்கிற ரெண்டு வருஷத்தில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கு. டிரைவிங் லைசென்ஸ் எடுங்க, அப்புறம் இன்டர்நேஷனல் பெர்மிட். 21 இல்ல 23 வயசு ஆகாதவங்களுக்கு கார் தர மறுக்கற, இல்ல எக்ஸ்ட்ரா கேட்கற கம்பெனிகள் நிறைய. க்ரூகர் குடிசைகளை மாசக்கணக்கில் முன்னாடியே புக் பண்ணணும். கென்யான்னு முடிவானா, கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியே மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடறாங்க. அந்த மஞ்சள் அட்டை இல்லாம திரும்பி வந்தா, நம்ம ஏர்போர்ட்டிலேயே பிடிச்சு ஆறு நாள் வரை தனியா உட்கார வெச்சுடுவாங்க. கூண்டுக்குள்ள நீங்க!