ஜன்னி என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள்

"ஃப்ளூ நெஞ்சோடு நிற்கும். பிள்ளை பிதற்றினால் அது ஜன்னி, காய்ச்சல் இறங்கினால் தெளிந்துவிடும்." பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சரிதான். ஆனால் அரிதாகச் சிலருக்கு, மிச்சமிருக்கும் சில மணி நேரத்தையும் இந்த நம்பிக்கை தின்றுவிடுகிறது.

நெஞ்சோடு அது நிற்பதில்லை. ஃப்ளூ போன்ற காய்ச்சல்களில் நினைவிழந்த குழந்தைகளின் மூளையில் ஒரே வகைச் சேதம் இருப்பதை ஜப்பானிய மருத்துவர் மிசுகுச்சி 1990-களில் விவரித்தார். மூளையின் நடுவே இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு தலாமஸும் வீங்கி, திசு அழிந்து, சிலருக்கு ரத்தமும் கசிந்திருக்கும். நம்மை விழிப்பில் வைத்திருக்கும் பகுதிகளில் தலாமஸும் ஒன்று. அதனால்தான் அந்தக் குழந்தைகளைத் தட்டி எழுப்பினாலும் எழுவதில்லை. 2020 மார்ச்சில் டெட்ராய்ட்டில், மூன்று நாள் இருமல், காய்ச்சல், மனக்குழப்பத்தோடு வந்த கோவிட் நோயாளி ஒருவரின் எம்.ஆர்.ஐ.யிலும் அதே தலாமஸ்களில் ரத்தக்கசிவு தெரிந்தது.

"மூளையைத் தாக்கியிருந்தால் முதுகுத்தண்டு நீரில் வைரஸ் இருக்க வேண்டுமே, இல்லையே" என்பார்கள். பல நோயாளிகளுக்கு இருக்காதுதான். வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் கட்டுமீறிப் பெருகும்போது மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து கசிகின்றன. வைரஸ் மூளைக்குள் நுழையாமலே மூளை சேதமாகிறது.

நோஞ்சான் பிள்ளைக்குத்தான் இந்த மூளைச் சேதம் வரும் என்பதும் தவறு. 2023 முதல் 2025 வரை அமெரிக்காவின் 23 மருத்துவமனைகளில் ஃப்ளூவோடு இந்தப் பாதிப்பு வந்த 41 குழந்தைகளில் 31 பேருக்கு முன்பு சொல்லத்தக்க நோய் எதுவும் இல்லை. 11 பேர் இறந்தார்கள். தடுப்பூசி விவரம் தெரிந்த 38 பேரில் அந்தப் பருவத்துக்கான ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் 6 பேர்.

"எந்த மருந்தாவது கொடுத்துக் காய்ச்சலை இறக்கு" என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. இங்கே மூளையைக் கெடுப்பது வெறும் சூடு அல்ல. ஃப்ளூவில் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் வரும் அபாயம் உண்டு. நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் மெஃபெனாமிக் அமிலத்தை ஜப்பானில் ஃப்ளூ கண்ட குழந்தைகளுக்குத் தவிர்க்கிறார்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். வெப்பமானியைவிடப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். காய்ச்சல் தணிந்த பிறகும் அம்மாவை அடையாளம் தெரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, நின்ற பின்னும் தெளிவில்லை என்றால், இரவானாலும் ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். மூளைத்தண்டு பாதிக்கப்படாத பிள்ளைகளில், முதல் 24 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதை ஜப்பானிய மருத்துவர் ஒகுமுராவின் குழு 2009-இல் பதிவு செய்திருக்கிறது.